போர்ட் ஃபார்வர்டிங்: விதி சரியாக இருந்தும் வழி எங்கே அடைபடுகிறது?

ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் நிரப்ப வேண்டியவை ஐந்தாறு கட்டங்கள்தான். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனாலும் சோழவந்தான் தென்னந்தோப்பில் மாட்டிய கேமராவை மதுரை அண்ணா நகர் வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, கீழமாசி வீதிக் கடையில் இருக்கும் கணினியை ராத்திரி வீட்டிலிருந்து திறக்க முடியவில்லை என்று பலர் நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டங்களில் போட்ட எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு அந்தப் பக்கத்துக்கு மேலேயோ கீழேயோ இருக்கும். மேலே என்றால் இணைப்பு தரும் நிறுவனம்; கீழே என்றால் கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரோ கணினியோ. மேலே இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே வழி இல்லையென்றால் கீழே என்ன செய்தாலும் வீண்.

வீட்டுக்குள் இருக்கும் போன், டிவி, டிவிஆர் எல்லாவற்றுக்கும் ரவுட்டர் ஆளுக்கொரு உள்முகவரி கொடுத்திருக்கும்: 192.168.1.5, 192.168.1.6 என்று. இந்த முகவரிகள் வீட்டைத் தாண்டினால் செல்லாது. வெளியே போகும்போது எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் ஒரே வெளி ஐபி முகவரியைத்தான் போட்டுக்கொண்டு போகின்றன. எந்தக் கருவி யாரிடம் என்ன கேட்டது என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்து வைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. இதுதான் நேட். வடக்குமாசி வீதிப் பக்கம் இருக்கும் காம்பவுண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளலாம்: வாசல் ஒன்று, கதவு எண் ஒன்று, உள்ளே எட்டுக் குடித்தனம். உள்ளிருந்து யாரும் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து கதவு எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவருக்கு எந்தக் குடித்தனம் என்று தெரியாது. கேமராவைப் பார்க்க வெளியிலிருந்து வரும் அழைப்பும் அப்படித்தான் வாசலில் நிற்கிறது. யாரும் கேட்காமல் வந்த அழைப்பு என்பதால் ரவுட்டர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. 'இந்த எண்ணுக்கு யாராவது வந்தால் இந்தக் கருவியிடம் அனுப்பு' என்று நாம் முன்கூட்டியே எழுதி வைக்கும் விதிதான் போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் எனப்படும் அந்த எண் 1 முதல் 65,535 வரை எதுவாகவும் இருக்கலாம்.

வெளி ஐபி உங்களுடையதுதானா?

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஐபி உலகம் நேரடியாக எட்டக்கூடிய பொது ஐபி என்பது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பழைய டிஎஸ்எல் மோடம் காலத்தில், இது பெரும்பாலும் உண்மை. இன்று ஃபைபர் இணைப்பில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம் முகவரிப் பஞ்சம். நான்கு எண்களாலான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏபிநிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு மாறியது. 2019-க்குப் பிறகு புதிதாகச் சேரும் ஒரு நிறுவனத்துக்கு அங்கே கிடைப்பது அதிகபட்சம் 512 முகவரிகள். ஒரு தாலுகாவில் சில ஆயிரம் வீடுகளுக்கு இணைப்பு தருகிறவர் 512 முகவரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வீட்டில் நாம் செய்யும் அதே நேட்டைத் தன் மையத்திலும் ஒருமுறை செய்கிறார். இதற்குப் பெயர் சிஜிநேட். ஒரு பொது ஐபியில் இருக்கும் 65 ஆயிரம் சொச்சம் போர்ட்டுகளை வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்தால், அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் ஒரே முகவரியில் ஓடும். உங்கள் ரவுட்டரில் நீங்கள் எழுதிய விதி அந்த மையத்துக்குத் தெரியாது. வெளியிலிருந்து வரும் அழைப்பு அங்கேயே நின்றுவிடும். உங்கள் வீடு வரை வந்தால்தானே விதிக்கு வேலை?

சோதிப்பது சுலபம். ரவுட்டரின் உலாவிப் பக்கத்துக்குப் போங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, டிபி லிங்க், டி லிங்க் என்றால் 192.168.0.1 ஆகவும், ஜியோ என்றால் 192.168.29.1 ஆகவும் இருக்கும். 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'வேன்' (WAN, வெளிப்பக்க இணைப்பு) என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது ஐபி. வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு நேட் இருக்கிறது. ஒப்பிடாமலே சொல்லிவிடக் கூடிய எண்களும் உண்டு. 'வேன்' ஐபி 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தாலும், 192.168 என்று இருந்தாலும் அது உள்முகவரி. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சிஜிநேட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை; சந்தேகமே வேண்டாம்.

இதில் ஏமாற்றும் இடம் இரண்டு. கூகுளில் தேடும்போது எழுத்தும் எண்ணும் கலந்து, நடுநடுவே இரட்டைப் புள்ளி வைத்த நீண்ட முகவரி வந்தால் அது ஐபிவி6. ஒப்பிட வேண்டியது அதை அல்ல, நான்கு எண்களைக் கொண்ட ஐபிவி4 முகவரியை. இன்னொன்று, ஃபைபர் மோடத்தில் 'வேன்' வரிசையில் இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கும்: ஒன்று இன்டர்நெட்டுக்கு, ஒன்று லேண்ட்லைன் குரலுக்கு, ஒன்று நிறுவனம் தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிக்க. குரலுக்கான வரிசையில் இருக்கும் 10 தொடங்கும் ஐபியைப் பார்த்துவிட்டு, பொது ஐபி இல்லையென்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு.

பொது ஐபி இல்லையென்று தெரிந்தால் கேட்க வேண்டியது இணைப்பு கொடுத்தவரிடம். மதுரையைச் சுற்றி ஃபைபர் இழுத்து வருகிறவர் பெரும்பாலும் நம் பகுதிக் கேபிள்காரர்தான். எந்த நிறுவனத்தின் பெயரில் பில் வந்தாலும் கடைசிக் கம்பி அவர் கையில். "அண்ணே, நெட் வேலை செய்யல" என்று தொடங்கினால் அவர் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். "அண்ணே, நம்ம லைனுக்கு நேட் ஐபி வருது. கேமராவுக்குப் பப்ளிக் ஐபி வேணும். ஸ்டேட்டிக் போட்டுத் தர முடியுமா, கூட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால்தான் அது போக வேண்டிய ஆளிடம் போய்ச் சேரும். ஸ்டேட்டிக், அதாவது என்றும் மாறாத ஐபிக்குத் தனிக் கட்டணம் உண்டு. சில நிறுவனங்கள் வீட்டுத் திட்டத்தில் அதைத் தருவதே இல்லை. வணிகத் திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். வெறுமனே சிஜிநேட்டிலிருந்து எடுத்துவிட்டு, மாறும் பொது ஐபி கொடுத்தாலும் நமக்குப் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அது செலவில்லாமல் கிடைக்கவும் வாய்ப்புண்டு.

தோப்பில் ஃபைபர் இல்லை, சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டு உபயோக சிம் எல்லாம் சிஜிநேட்டுக்குப் பின்னால்தான். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு நேட்

பொது ஐபி வந்தும் வேலை செய்யாததற்கு அடுத்த காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கேபிள்காரர் மாட்டிய மோடம் ஒன்று. மாடிக்கு வைஃபை எட்டவில்லையென்று டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்த ரவுட்டர் இன்னொன்று. மோடத்தின் உள்பக்க லேன் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து ரவுட்டரின் நீலநிற 'வேன்' துளையில் செருகியிருப்பார்கள். இப்போது மோடம் ஒரு நேட் செய்கிறது. ரவுட்டர் இன்னொரு நேட் செய்கிறது. டிவிஆர் இரண்டாவது ரவுட்டரில் இருக்கும். விதியை அந்த ரவுட்டரில் எழுதியிருப்பார்கள். அழைப்போ மோடத்திலேயே நின்றுவிடும்.

சரிசெய்ய மூன்று வழி. எளிதானது, இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுவது. அப்படி ஒரு நிலை அதில் இல்லையென்றால், உள்முகவரிகளைத் தானாகப் பங்கிடும் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த லேன் ஐபியை மோடத்தின் வரிசையில் வேறொரு எண்ணாக, உதாரணத்துக்கு 192.168.1.2 என்று மாற்றி, கம்பியை நீலத் துளையிலிருந்து எடுத்து மஞ்சள் லேன் துளையில் செருகினால் போதும். அதன் பின் அது வைஃபை மட்டும் தரும். விதியை மோடத்தில் எழுத வேண்டும். இரண்டாவது வழி, மோடத்தை நேட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சொந்த ரவுட்டரில் போடுவது. நல்ல ரவுட்டர் வைத்திருப்பவருக்கு இதுதான் சிறந்தது. ஆனால் மோடத்திலேயே லேண்ட்லைன் இருந்தால் குரல் இணைப்பின் வரிசையைத் தொடாமல் இன்டர்நெட் வரிசையை மட்டும் பிரிட்ஜ் ஆக்க வேண்டும். அந்த வரிசைகளைப் பிரித்துக் காட்டும் விஎல்ஏஎன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட்டால் கேபிள்காரரை மறுபடி கூப்பிட வேண்டியதுதான். மூன்றாவது, இரண்டு இடத்திலும் விதி எழுதுவது: மோடத்திலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டிவிஆருக்கு. ஓடும். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து பார்த்தால் தலை சுற்றும்.

டிவிஆருக்கு நிலையான எண்

விதியில் 192.168.1.64 என்று எழுதினால் டிவிஆர் என்றைக்கும் அந்த எண்ணிலேயே இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்று மத்தியானம் திரும்பி வரும் நாளில்தான் இது குழம்பும். மலிவு மோடங்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அந்தக் கணக்கும் போய்விடும். மின்சாரம் வந்ததும் மோடம் எழுந்துவிடும். டிவிஆர் ஹார்டு டிஸ்கைச் சுற்றவிட்டு எழுந்து வருவதற்குள் வீட்டில் இருக்கும் போன்களும் டிவியும் முந்திக்கொண்டு எண் வாங்கிவிடும். டிவிஆரின் பழைய எண் யாருடைய போனுக்கோ போயிருக்கும். விதி அப்படியே இருக்கும். அது காட்டும் கருவி மாறியிருக்கும்.

இதற்கு ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற வசதி உண்டு. டிவிஆரின் பன்னிரண்டு எழுத்து மேக் முகவரியைக் கொடுத்து ஓர் எண்ணை ஒதுக்கிவிடலாம். அந்த வசதி இல்லாத மோடத்தில் டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் டிஎச்சிபியை அணைத்து எண்ணைக் கையால் போட வேண்டும். அப்போது மோடத்தின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்க்கவும். வரம்பு 100 முதல் 200 வரை என்றால் 64 பாதுகாப்பானது.

கையால் போடும்போது கேட்வே (வெளியே போகும் வழி) என்ற கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதை விட்டுவிட்டாலோ, பழைய மோடத்தின் எண் அப்படியே இருந்தாலோ, வீட்டு வைஃபையில் கேமரா பளிச்சென்று தெரியும். வெளியிலிருந்து மட்டும் வராது. உள்ளே இருக்கும் போனுக்குப் பதில் சொல்ல டிவிஆருக்குக் கேட்வே தேவையில்லை, ஒரே வரிசை என்பதால் நேராகக் கொடுத்துவிடும். வெளியிலிருந்து வந்த கேள்விக்குப் பதிலை யாரிடம் ஒப்படைப்பது என்று அதற்குத் தெரியாமல் போகிறது. கேள்வி உள்ளே வந்துவிட்டது, விதியும் சரி, பதில் மட்டும் வெளியேறவில்லை. 'வீட்டுக்குள் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை' என்றால் விதியை நூறுமுறை அழித்து எழுதுவதற்கு முன் கேட்வே எண் ரவுட்டரின் லேன் ஐபிதானா என்று பாருங்கள்.

விதி எழுதுவது

இப்போதுதான் அந்தப் பக்கம். டிபி லிங்கில் 'அட்வான்ஸ்டு' தாவலில் 'நேட் ஃபார்வர்டிங்' என்று இருக்கும். பழைய மென்பொருளில் உள்ளே 'விர்ச்சுவல் சர்வர்ஸ்', புதியதில் 'போர்ட் ஃபார்வர்டிங்'. ஃபைபர் மோடங்களில் 'ஃபயர்வால்' அல்லது 'ஃபார்வர்ட்' தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். சில மோடங்களில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பயனர்பெயரில் நுழைந்தால் அந்தப் பக்கமே தெரியாது. நிர்வாகப் பயனர்பெயரைக் கேபிள்காரரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தப் போர்ட்? ஹிக்விஷன் டிவிஆருக்கு அதன் செயலி பேசுவது வழக்கமாக 8000, டாகுவா வகைக்கு 37777. உலாவியில் பார்க்க 80, ஆர்டிஎஸ்பி நேரடி ஓட்டத்துக்கு 554. டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவு, மாட்டியவர் மாற்றியிருக்கலாம். செயலியில் பார்ப்பதற்கு ஒரே ஒரு போர்ட் போதும். எல்லாவற்றையும் திறந்து வைக்கும் பழக்கம் தேவையற்றது, ஆபத்தும்கூட.

உள் ஐபி 192.168.1.64, உள் போர்ட் 8000, ப்ரோட்டோகால் (தரவு போகும் முறை) டிசிபி. வெளிப் போர்ட் 8000 ஆகவே இருக்க வேண்டியதில்லை. 48123 என்று எதையாவது போட்டு, செயலியிலும் அதையே கொடுக்கலாம். சில நிறுவனங்கள் 80, 25 போன்ற எண்களுக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் பக்கமே அடைத்துவிடுவதாலும், மோடமே தன் நிர்வாகப் பக்கத்துக்கு 80, 8080-ஐப் பிடித்து வைத்திருப்பதாலும் பெரிய எண் தலைவலி குறைவு. வெளிப் போர்ட்டுக்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டிலும் அதே எண். 'இன்டர்ஃபேஸ்' என்ற கட்டம் இருந்தால் முன்பு சொன்ன மூன்று வரிசைகளில் இன்டர்நெட் வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குரல் வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. விதி சும்மா உட்கார்ந்திருக்கும்.

'அப்ளை' அழுத்தியதோடு முடிந்ததா? பல ஃபைபர் மோடங்களில் இல்லை. 'கமிட்' அல்லது 'சேவ் அண்ட் ரீபூட்' என்று வேறொரு பக்கத்தில் தனிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தாவிட்டால் விதி அடுத்த மின்தடை வரைதான். நிறுவனம் தொலைவிலிருந்து மோடத்துக்குப் புது அமைப்பை அனுப்பும்போதும் விதிகள் அழிந்துபோவதுண்டு. ஆகவே விதிப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் போய்வந்தால் மாறும் இன்னொன்று வெளி ஐபி. ஸ்டேட்டிக் வாங்காதவருக்கு டைனமிக் டிஎன்எஸ் வேண்டும்: ஒரு பெயரைப் பதிந்து, ஐபி மாறும்போதெல்லாம் அந்தப் பெயருக்குப் புது எண்ணை ரவுட்டரே தெரிவிக்கும் ஏற்பாடு. இந்தச் சேவையைத் தரும் நோ ஐபியின் இலவசக் கணக்கில் 30 நாளைக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் பெயர் போய்விடும். டக் டிஎன்எஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெயருக்கு நேராக 10 அல்லது 192.168 எண் பதிவாகியிருந்தால் நேட் இன்னும் இரட்டையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

சோதனையும் அதன் பதிலும்

சோதிக்கும்போது போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடியே வெளி ஐபியைத் தட்டினால், போன அழைப்பு ரவுட்டர் வாசல் வரை போய் உள்ளே திரும்ப வேண்டும். நேட் லூப்பேக் என்ற இந்த வசதி பல மலிவு மோடங்களில் கிடையாது. வெளியே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விதியை வீட்டுக்குள் உட்கார்ந்து 'ஓடவில்லை' என்று அழிப்பது இப்படித்தான் நடக்கிறது.

போர்ட் சோதிக்கும் இணையதளங்கள் 'மூடியிருக்கிறது' என்று சொன்னால் இரண்டு வகை உண்டு. உடனே 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் அழைப்பு எங்கோ ஒரு கருவியைத் தொட்டுவிட்டது, அந்தக் கருவியில் அந்த எண்ணில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை: டிவிஆர் போர்ட் எண் தவறு, அல்லது உள் ஐபி வேறு கருவியுடையது. நெடுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வந்தால் அழைப்போ பதிலோ வழியில் தொலைகிறது: சிஜிநேட், இரட்டை நேட், கேட்வே, அல்லது விண்டோஸ் ஃபயர்வால். கணினிக்குத்தான் விதி என்றால் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு 'இன்பவுண்ட்' அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி இருந்தும் அது 'லோக்கல் சப்நெட்' (உள்வரிசைக்கு மட்டும்) என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் வெளியாருக்குச் செல்லாது. மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும் கல்லூரிப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறுவது இன்னொரு இடத்தில்: ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565, பெட்ராக் பதிப்புக்கு யுடிபி 19132. ப்ரோட்டோகாலை மாற்றிப் போட்டால் எண் சரியாக இருந்தும் பயனில்லை. போர்ட் சோதிக்கும் தளங்களும் பொதுவாக டிசிபியை மட்டுமே பார்க்கும். யுடிபிக்கு அவற்றின் பதிலை நம்ப வேண்டாம்.

இணைப்பு கிடைத்தும் படம் திக்கித் திக்கி வந்தால் விதியின் குற்றமல்ல, அப்லோடு வேகம். 1080பி முதன்மை ஓட்டம் 4 எம்பிபிஎஸ் என்று வைத்திருந்தால் நான்கு கேமராவுக்கு 16 எம்பிபிஎஸ் தோப்பிலிருந்து மேலே ஏற வேண்டும். ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் 1.8 ஜிபி. செயலியில் தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றி 512 கேபிபிஎஸ் ஆக்கினால் அதே ஒரு மணி நேரம் 230 எம்பியில் முடியும்.

திறந்த போர்ட்டை யார் பார்க்கிறார்கள்

போர்ட்டைத் திறக்கும்போது நம் போனுக்கு மட்டும் திறப்பதாக ஒரு நினைப்பு வரும். திறப்பது எல்லோருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிடும். அதன் பிறகு வந்தவை இன்னும் வேகம். ஆகவே 'உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு டிவிஆர், இதை யார் தேடி வரப்போகிறார்கள்' என்பது செல்லாத வாதம். யாரும் தேடுவதில்லை, வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். வெளிப் போர்ட்டை 48123 என்று மாற்றுவது தட்டுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும், பூட்டாகாது.

2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இதற்கு நல்ல பாடம். ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்தே பிடித்தது. அப்படிப் பிடித்த கருவிகளின் படைதான் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்களை அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடக்கியது. கடவுச்சொல் பலமாக இருந்தாலே போதுமா என்றால் அதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் தன் பல மாதிரிகளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகுந்து கட்டளை ஓட்டக் கூடிய ஓட்டையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. மாட்டிய நாளிலிருந்து மென்பொருளைப் புதுப்பிக்காத டிவிஆரின் வலைப் பக்கத்தைத் திறந்துவிடுவது, கதவைச் சாத்தாமல் படுப்பதற்குச் சமம்.

கடைக்காரர்கள் செய்வது இதைவிட மோசம். டேலி ஓடும் கணினியை வீட்டிலிருந்து பார்க்க, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐ நேராகத் திறந்துவிடுகிறார்கள். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை விண்டோஸ் 7-இல் இதே சேவையில்தான் இருந்தது. அதைத் திருத்திய கணினியாக இருந்தாலும் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் நிற்பதில்லை. புகுந்தால் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். பேக்கப்பும் அதே கணினியின் டி டிரைவில் இருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். 3389-ஐ எந்த எண்ணுக்கு மாற்றியும் வெளியே திறக்கக் கூடாது என்பது நம் கருத்து; இதில் விதிவிலக்கு வேண்டியதில்லை.

டிவிஆர்களில் யுபிஎன்பி இயங்கும் நிலையிலேயே வருவதுண்டு. ரவுட்டரிலும் அது இயங்கினால், நீங்கள் எதையும் எழுதாமலே டிவிஆர் தனக்குத் தேவையான போர்ட்டுகளைத் தானே திறந்துகொள்ளும். இரண்டு இடத்திலும் அணைத்துவிட்டு, ரவுட்டரின் யுபிஎன்பி பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'எதுவும் ஓடவில்லை, டிஎம்இஸட்டில் போட்டுப் பார்ப்போம்' என்பதும் இதே ரகம். அது டிவிஆரின் எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே அடியாகத் திறப்பது.

திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு போர்ட்டைத் திறக்கலாம்: வயர்கார்டு என்ற விபிஎன்னின் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரும் பூட்டிய வழி) யுடிபி 51820. ரவுட்டரே வயர்கார்டோ ஓபன்விபிஎன்னோ தாங்கினால் ஃபார்வர்டிங்கூடத் தேவையில்லை. சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டியவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்றே தெரியாது. உள்ளே நுழைந்த பிறகு டிவிஆர், கணினி எல்லாம் வீட்டு வைஃபையில் இருப்பதைப்போலவே உள் ஐபியில் கிடைக்கும்.

பொது ஐபியே இல்லாதவர்களுக்கு

சிஜிநேட்டுக்குப் பின்னால் இருப்பவருக்கு மிச்சம் இருப்பது ஒரே தத்துவம்: வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, உள்ளிருந்து வெளியே போக முடியும். டிவிஆர் நிறுவனங்களின் கிளவுட் செயலிகள் இதைத்தான் செய்கின்றன. டிவிஆர் தானாகவே நிறுவனத்தின் சர்வருக்கு ஓர் இணைப்பைப் போட்டு வைத்துக் காத்திருக்கும், உங்கள் செயலியும் அங்கே போகும், நடுவில் கைகோத்துவிடுவார்கள். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதோடு வேலை முடியும். தோப்புக் காவலுக்கு, 4ஜி சிம்முக்கு, இதுவே போதும். பதிலுக்கு நீங்கள் அந்த நிறுவனத்தின் சர்வரை நம்புகிறீர்கள். அது மூடினால் உங்கள் பார்வையும் மூடும்.

அப்படி நம்ப விருப்பமில்லாதவர், அல்லது கடைக் கணினியும் வேண்டும் என்பவர் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போடலாம். கணினியில் நிறுவி, போனில் நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் எதையும் திறக்காமலே ஓடும். டிவிஆரில் அதை நிறுவ முடியாது. ஆகவே அதே வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினியோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ 'சப்நெட் ரவுட்டர்' ஆக இருந்து 192.168.1.0/24 வரிசை முழுவதற்கும் வழிவிட வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல்: கடையிலும் வீட்டிலும் இரண்டு மோடமும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் 192.168.1.64 எந்தப் பக்கத்து 64 என்று போனுக்குக் குழப்பம் வரும். ஒரு பக்கத்தை 192.168.57 போல யாரும் வைக்காத வரிசைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. டெயில்ஸ்கேல் கருவிகளுக்குக் கொடுக்கும் எண்ணும் 100.64 முதல் 100.127 வரிசையில்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ரவுட்டரில் சிஜிநேட் என்று பதற வேண்டாம், பார்க்க வேண்டியது ரவுட்டரின் 'வேன்' பக்கத்தை மட்டும்.

ஐபிவி6 வந்தால் நேட்டே வேண்டாமே என்பது உண்மைதான். ஜியோ போன்ற இணைப்புகளில் வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் உலகம் எட்டும் ஐபிவி6 முகவரி கிடைக்கிறது. ஃபார்வர்டிங்குக்குப் பதில் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு கருவிக்கும் அந்த ஒரு போர்ட்டுக்கும் அனுமதி எழுத வேண்டும். மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும்: டிவிஆர் ஐபிவி6 பேச வேண்டும், பழையவை பல பேசுவதில்லை, ரவுட்டர் அந்த ஃபயர்வால் பக்கத்தை நம்மிடம் விட்டிருக்க வேண்டும், பார்க்கிற இடத்து இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் கடைசி நிபந்தனை சுலபமாக நிறைவேறும். உறவினர் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தால் நிறைவேறாமலும் போகலாம். அப்போது வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரவுட்டர் மறுதொடக்கமானால் முகவரியின் முன்பாதி மாறிவிடலாம் என்பதால் இங்கேயும் டைனமிக் டிஎன்எஸ் தேவை, அதுவும் ரவுட்டருடைய முகவரியை அல்ல, டிவிஆருடைய முகவரியைப் பதிவு செய்வதாக இருக்க வேண்டும்.